ரிக்டர்ஸ்வெல்ட் மலைக்கு எந்த வண்டி? மோட்டர்ஹோம், காரவன், பக்கி என்னும் பிக்கப் வண்டி: ஓர் ஒப்பீடு

டர்பனிலிருந்து மோட்டர்ஹோம் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் ரிக்டர்ஸ்வெல்ட் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா என்று பேச்சு வந்தால், முதலில் சொல்லிவிட வேண்டியது இதுதான்: வாடகை மோட்டர்ஹோமை வைத்துக்கொண்டு அந்தப் பூங்காவைச் சுற்ற முடியாது. வாசல்வரை போவதே இழுபறிதான். அலெக்சாண்டர் பேயிலிருந்து செண்டெலிங்ஸ்டிரிஃப்ட் வாசல் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சரளை ரோடு. மோட்டர்ஹோம் வாடகை ஒப்பந்தங்களில் சரளையில் ஓட்டக் கூடாது என்று பொதுவாகவே எழுதியிருக்கும். மீறி ஓட்டி ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும்.

நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது, வண்டியை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் ரோட்டைப் பார்ப்பது. இந்த இடத்துக்கு அது சரிப்படாது. டர்பனிலிருந்து ஹாரிஸ்மித், ப்ளூம்ஃபொன்டெய்ன், கிம்பர்லி, அப்பிங்டன், ஸ்பிரிங்பொக், போர்ட் நோலத் வழியாகப் போனால் மொத்தம் 1,900 கிலோமீட்டர் வரும். அதில் முதல் 1,800 கிலோமீட்டர் தார் ரோடு, எந்த வண்டியும் ஓடும். மிச்சம் இருக்கும் சரளையும் பூங்காவுக்குள் இருக்கும் பாதையும்தான் வண்டியை முடிவு செய்ய வேண்டும்.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வடக்கு கேப் மாகாணத்தின் வடமேற்கு மூலையில், ஆரஞ்சு ஆறு நமீபியாவுக்கு எல்லையாக வளைந்து ஓடும் இடத்தில் இருக்கிறது இந்த மலைப்பாலைவனம். 1991ல் தேசியப் பூங்காவானது. 2003ல் நமீபியப் பக்கத்து அய்-அய்ஸ் பூங்காவோடு சேர்ந்து எல்லை கடந்த பூங்காவாக ஆனது. நாமா மக்கள் இன்றும் இதற்குள் ஆடு மேய்க்கிறார்கள். அவர்கள் சமூகமும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்துதான் நிர்வாகம். க்ரூகர் தேசியப் பூங்கா மாதிரி ஓட்டல், கடை, தார் ரோடு என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். உள்ளே இருக்கும் முகாம்களில் மின்சாரம் கிடையாது. போய்கிஸ்ப்ராம், டி ஹூப், ரிக்டர்ஸ்பெர்க் மூன்றும் ஆற்றோரம். குளிக்கப் பச்சைத்தண்ணீர் கிடைக்கும். கொகர்பூம்கிளூஃப் முகாமில் அந்தத் தண்ணீரும் இல்லை. சாதாரண செடான் காருக்கு உள்ளே அனுமதியே கிடையாது.

மோட்டர்ஹோம்

ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு பேர் படுக்கும் வண்டி, உள்ளேயே அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை. வழியில் எங்கே நிறுத்தினாலும் டீ போடலாம். நெடுஞ்சாலை கராஜில் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டாம். முட்டி வலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் இது பெரிய விஷயம். சாதாரண கோட் பி லைசென்ஸ் வைத்திருப்பவர் 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை ஓட்டலாம். வாடகைக்கு வருபவை பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

ஆனால் ஆறு பேர் படுக்கலாம் என்பது இரவில் மட்டும் உண்மை. ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் கட்டில் பிள்ளைகளுக்கு. பின்னால் ஒன்று. மூன்றாவது கட்டில், சாப்பாட்டு மேஜையை இறக்கி மெத்தை போட்டால்தான் வரும். ஆயா எட்டு மணிக்கே படுக்க நினைத்தாலும், அந்த மேஜையில் துன்னி என்னும் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் ஆட்டத்தை முடித்து எழுந்தால்தான் உண்டு. எங்கள் பக்கத்தில் துன்னி எப்போது முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு வேலையை விளம்பரப் படத்தில் யாரும் காட்டுவதில்லை. கழிப்பறைக்கு அடியில் 20 லிட்டர் அளவில் ஒரு பெட்டி இருக்கும். ஆறு பேர் இருந்தால் இரண்டு நாள் தாங்குவதே கஷ்டம். வண்டியின் வெளிப்பக்கக் கதவைத் திறந்து அதை இழுத்து, முகாமில் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். யார் செய்வது என்று முதலில் எல்லாரும் முறை போட்டுக்கொள்வார்கள். இரண்டாம் தடவையிலிருந்து அது வீட்டு மாப்பிள்ளை தலையில்தான் விழும்.

டீசல் கணக்கும் போட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் என்று வைத்தால் டர்பனிலிருந்து போகவர 3,800 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 லிட்டர். வண்டி உயரம் என்பதால் நமாக்வாலாந்துப் பக்கம் அடிக்கும் குறுக்குக் காற்று ஸ்டியரிங்கைப் பிடுங்கும். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது: வடக்கு கேப் ரோடுகளில் குடு என்னும் பெரிய மான் குறுக்கே பாயும், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் குழி கண்ணுக்குத் தெரியாது. பகலில் மட்டும் ஓட்டினால் ஒருவழிக்கே மூன்று நாள். செப்டம்பர் பள்ளி விடுமுறை பத்து நாளை ஒட்டித்தான் வரும். ஆறு நாள் ரோட்டிலேயே போய்விடும். மிஞ்சிய நாலு நாளும் வண்டி போர்ட் நோலத்தில் கடலைப் பார்த்து நிற்கும், பூங்கா அப்பால் இருக்கும். இத்தனை செலவழித்துப் போய் இப்படியா?

காரவன்

வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்பிரைட்டோ ஜர்கன்ஸோ காரவன் நிற்கிறது, இழுக்கும் வண்டியும் ஃபோர் பை ஃபோர் என்றால், கதை வேறு. காரவனைக் கழற்றி ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இழுத்த வண்டியிலேயே மலைக்குள் போகலாம். மோட்டர்ஹோமில் இது முடியாது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பின்னால் இழுபடும் காரவனின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் ஓட்டுநருக்கு கோட் ஈபி லைசென்ஸ் வேண்டும். குடும்பக் காரவன்கள் பெரும்பாலும் தாண்டும். ஆகவே ஓட்டுவதில் மாற்றிக்கொள்ள நினைக்கும் தம்பியின் கார்டையும் எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, சரளை ரோட்டின் நெளிவுகள். தார் ரோட்டுக்கென்று செய்த காரவனை அதில் 90 கிலோமீட்டர் இழுத்தால் அலமாரிக் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும், ரிவெட் தளரும், ஜன்னல் இடுக்கு வழியே வரும் தூசி மாவு டப்பாவுக்குள் வரை போய் உட்காரும். போர்ட் நோலத்திலோ ஸ்பிரிங்பொக்கிலோ ஒரு காரவன் பார்க்கில் இடம் பிடித்து அங்கேயே விட்டுவிட்டுக் கூடாரத்தோடு மேலே போவது புத்திசாலித்தனம். காரவன் இல்லாதவர் இந்தப் பயணத்துக்காக வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டாம்.

டபுள் கேப் பக்கி

பூங்கா கேட்கும் வண்டி இதுதான். தரையிலிருந்து நல்ல உயரம், மெதுவாக, வலுவாக ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர், முடிந்தால் பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துச் சுழற்றும் டிஃப் லாக். வாடகைக்கு வரும் ஃபோர் பை ஃபோர் பக்கிகள் பலவற்றில் கூரைமேல் இரண்டு கூடாரம், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், எரிவாயு அடுப்பு, மேஜை, நாற்காலி, பாத்திரம் எல்லாம் சேர்ந்தே வரும்.

உள்ளே ஓட்டம் எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். செண்டெலிங்ஸ்டிரிஃப்டிலிருந்து அக்கெடிஸ் கணவாய் வழியாக டி ஹூப் முகாம் வரைபடத்தில் 40 கிலோமீட்டர் போலத்தான் தெரியும். நேரமோ இரண்டு மணிக்கு மேல் ஆகும். கணவாயில் கல்லுக்குக் கல் சக்கரத்தை ஏற்றி இறக்க வேண்டும். ஒருவர் இறங்கி முன்னால் நடந்து கை காட்டினால் நல்லது. ஆற்றோரத்தில் மணல். அங்கே டயர் காற்றை 1.4 பார் அளவுக்கு இறக்கினால் வண்டி மிதந்து போகும், இறக்காவிட்டால் அச்சுவரை புதையும். வெளியே வந்ததும் காற்றை ஏற்ற ஒரு கம்ப்ரெஸர் கையில் இருக்க வேண்டும்.

இங்கே டயரைத் தின்பது ஆணி இல்லை, கல். பட்டையாக உடைந்த கூரான கற்கள் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். அந்த இடத்தில் கிழிந்தால் ஒட்ட முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் இரண்டு ஸ்பேர் டயர் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது ஆவணத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஸ்பேர் டயர்கள் ஓடும் டயரின் அளவுதானா என்று குனிந்து எண்ணைப் படியுங்கள். ஜாக்கியைக் கழற்றிப் பாருங்கள். லோ ரேஞ்சைப் போட்டு கராஜ் வாசலிலேயே பத்தடி ஓட்டுங்கள். சாதாரணக் காப்பீட்டில் டயர், முன் கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றையும் தள்ளிவைப்பது வாடகைத் தொழிலில் வழக்கம். ஒரு வாடகைக் கடையில் கடலைப்பருப்பு அளவு கல் தெறித்ததற்கு முழுக் கண்ணாடிக்கும் எங்களிடம் காசு வாங்கினார்கள். கூடுதல் காப்பீட்டுக்குச் சிணுங்காமல் பணம் கட்டுவது நான் அதற்கப்புறம்தான்.

பக்கியின் குறை, கூரைக் கூடாரத்துக்குப் போகும் ஏணி. ஆளுயரத்துக்கு மேலே இருக்கும் படுக்கையிலிருந்து நடு ராத்திரியில், குளிரில், ஒரு கையில் டார்ச்சோடு, ஒல்லியான அலுமினியப் படிகளில் பின்பக்கமாக இறங்குவதை அறுபத்தைந்து வயது மாமியிடம் கேட்கலாமா? அடுத்த நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போகலாம் என்பார். அவர் சொல்வது நியாயம்தான். பிள்ளைகளுக்கோ அந்த ஏணிதான் பயணத்திலேயே பெரிய வேடிக்கை.

இதற்கு என் தீர்ப்பு: பக்கி எடுங்கள், ஆனால் எல்லா ராத்திரியும் கூரையில் படுக்காதீர்கள். செண்டெலிங்ஸ்டிரிஃப்டில் ஏர்கண்டிஷன் உள்ள வீடுகள் இருக்கின்றன. மலைக்குள்ளே டாடாஸ்பெர்க்கில் ஆற்றைப் பார்த்தபடி நாணல் வேய்ந்த கேபின்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டில். பெரியவர்கள் கேபினில், இளசுகள் பக்கத்து ரிக்டர்ஸ்பெர்க் முகாமில் கூடாரம் என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆறு பேருக்கு ஒரு பக்கி போதாது. ஐந்து இருக்கைதான், மூட்டை முடிச்சும் வேறு. இரண்டு பக்கி எடுப்பது செலவுதான், ஆனால் உள்ளே ஒரு வண்டி நின்றுவிட்டால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பது எப்படியும் அந்த இடத்துக்கு நல்ல நியதி. போன் சிக்னலை நம்ப முடியாது. வாடகைக்கு ஒரு சாட்டிலைட் போன் எடுத்துக்கொண்டால் ஆயா வீட்டில் நிம்மதியாக இருப்பார்.

இன்னொரு லாபம். மோட்டர்ஹோம்காரர் கண்ணில் படாத ஹாஃப்மென்ஸ் செடிகளைப் பக்கிக்காரர் கிட்டத்தில் பார்க்கலாம். முள் மூடிய தடித்த தண்டு, உச்சியில் சுருங்கிய இலைக்கொத்து. எல்லாம் தலையை வடக்கே சாய்த்து நிற்கும். தெற்கே விரட்டப்பட்டு, ஆற்றுக்கு அப்பால் விட்டுவந்த ஊரைத் திரும்பிப் பார்த்த மனிதர்கள் அப்படியே செடியாகிவிட்டார்கள் என்பது நாமா மக்களின் கதை. அந்திவெளிச்சத்தில் மலைச்சரிவில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் ஆள் என்றுதான் முதலில் தோன்றும்.

விமானமா, ரோடா?

வண்டி பக்கி என்று முடிவானால் டர்பனிலிருந்தே ஓட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை. கேப் டவுனுக்கு விமானம் இரண்டு மணி நேரம். அங்கிருந்து என்7 நெடுஞ்சாலையில் ஸ்பிரிங்பொக் ஏறக்குறைய 560 கிலோமீட்டர், அதற்கப்புறம் பூங்கா வாசல்வரை 320. ஒருவழிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். ஜோஹன்னஸ்பர்க் மாறி அப்பிங்டன் போய் அங்கே வண்டி எடுத்தால் இன்னும் 200 கிலோமீட்டர்போலக் குறையும். ஆனால் அப்பிங்டனில் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு, விமான நேரமும் ஒத்துவர வேண்டும். பக்கி சொந்தமாக இருந்து, ஓட்ட இருவர் இருந்தால் மட்டும் டர்பனிலிருந்து ரோட்டில் போங்கள். வழியில் ஆகரபீஸ் அருவியில் ஒரு ராத்திரி தங்கலாம்.

விமானத்தில் போகிறவர்கள் எரிவாயு சிலிண்டர் கொண்டுபோக முடியாது. அதை வாடகை வண்டியோடு வாங்கிக்கொள்ள வேண்டும். மசாலாவும் கறிவேப்பிலையும் டர்பனிலிருந்தே பெட்டியில் வரட்டும். ஸ்பிரிங்பொக்தான் கடைசி உருப்படியான சூப்பர்மார்க்கெட். அலெக்சாண்டர் பேயில் டாங்கை வாய்வரை நிரப்பிவிட்டுத்தான் சரளையில் கால் வைக்க வேண்டும். குடிதண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வையுங்கள். பூங்காவில் விறகு பொறுக்கக் கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

ஜூலையா, செப்டம்பரா?

வெயில்காலத்தில் போவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 45 டிகிரியைத் தாண்டும். ஜூலை விடுமுறை நீளம், பகல் இதமாக இருக்கும், ராத்திரி கம்பளி கேட்கும். செப்டம்பரில் விடுமுறை குட்டை, ஆனால் வழியெல்லாம் நமாக்வாலாந்துப் பூ. ஆகஸ்டும் செப்டம்பர் முதல் பாதியும்தான் உச்சம் என்பதால் மாதக் கடைசியில் போகிறவருக்கு மழையைப் பொறுத்துதான் மிச்சம் கிடைக்கும். பூக்கள் வெயில் ஏறிய பிறகே விரியும், சூரியனைப் பார்த்தே நிற்கும். இந்தப் பாதிக் கோளத்தில் சூரியன் வடக்கே என்பதால், வடக்கிலிருந்து தெற்கே வருகிறவருக்குத்தான் பூவின் முகம் தெரியும். கேப் டவுனுக்குத் திரும்பும் நாளில் காலையில் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், பத்து மணிக்கு மேல் மெதுவாக வாருங்கள்.

அப்புறம் புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை நம் வீடுகள் பலவற்றில் மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. செப்டம்பர் விடுமுறை சரியாக அதற்குள் விழுகிறது; போதாததற்கு 24ஆம் தேதி பாரம்பரிய நாள் அன்று நாடே பிராய் என்று நெருப்பில் இறைச்சி வாட்டும், பக்கத்து முகாமிலிருந்து புகை உங்கள் பக்கம்தான் வரும். அது பரவாயில்லை. வாடகை வண்டியோடு வரும் சட்டியில் போன வாரம் யார் என்ன வதக்கினார்களோ! விரதம் கட்டாயமாக இருக்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு சிறிய பிரஷர் குக்கரும் தோசைக்கல்லும் கொண்டுபோவது நல்லது. முகாம் அடுப்புக் கம்பியைத் தொடவே தேவையில்லை. சுகர் பீன்ஸ் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு குக்கரில் வைத்தால் எரிவாயுவும் மிச்சமாகும். டால், உருளைக்கிழங்கு, ரொட்டி, சோயா மின்ஸ். மூன்று நாளைக்கு இது தாராளம். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் சின்னது; இறைச்சி ஏற்றாததால் அந்த இடம் தயிருக்கும் காய்க்கும் கிடைக்கும். சமையல் வசதியில் மட்டும் மோட்டர்ஹோம் பக்கியை ஜெயிக்கும், அதை மறுக்க முடியாது. காற்றடிக்கும் இடத்தில் திறந்தவெளி அடுப்பில் ரொட்டி சுடுவது பொறுமையைச் சோதிக்கும்.

இறைச்சி வேண்டும், நாளும் நிறைய வேண்டும் என்பவர்களுக்கு ஜூலை. எனக்குச் செப்டம்பர்தான்.

மோட்டர்ஹோம்தான் வேண்டும் என்றால்

அந்த ஆசையை விட மனமில்லாதவர்கள் வண்டியை மாற்றாமல் மலையை மாற்றிக்கொள்ளலாம். வட டிராகன்ஸ்பர்கில் ராயல் நேட்டால் தேசியப் பூங்காவின் மஹாய் முகாம் இருக்கிறதே! டர்பனிலிருந்து தார் ரோட்டிலேயே அரை நாள். மின்சார பாயின்ட் உண்டு, காரவனுக்குரிய நீல பிளக்கைச் செருகினால் ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் ஓடும், வெந்நீர்க் குளியல் உண்டு. முகாமிலிருந்தே நடக்கத் தொடங்கலாம். ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஆம்ஃபிதியேட்டர் பாறைச்சுவரும், அதன் உச்சியிலிருந்து 900 மீட்டருக்கு மேல் படிப்படியாக இறங்கும் துகேலா அருவியும் கண்ணெதிரே. இன்னும் கொஞ்சம் போனால் கோல்டன் கேட் பூங்கா; அதன் நடுவே ஆர்712 தார் ரோடு ஓடுகிறது, க்ளென் ரீனன் முகாம் அதை ஒட்டியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு வாரத்துக்கு மோட்டர்ஹோமில் சுற்றுவது அருமையான பயணம், ஆயாவும் வரலாம். ஆனால் விடுமுறையில் மஹாயில் பக்கத்து வண்டியின் ரேடியோ கேட்கும். ரிக்டர்ஸ்வெல்டில் பக்கத்து வண்டியே இருக்காது. தனிமை வேண்டாம், வசதி போதும் என்பவர்கள் 1,900 கிலோமீட்டர் அலைய வேண்டியதில்லை.

ரிக்டர்ஸ்வெல்ட்தான் என்று முடிவு செய்தவர்கள் பதிவை எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம். டாடாஸ்பெர்க்கில் இருப்பது நாலே கேபின். ஆகவே தேசியப் பூங்காத் துறையிடம் அதை முதலில் பிடியுங்கள், அடுத்து செண்டெலிங்ஸ்டிரிஃப்டில் போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி. அந்தத் தேதிகள் கைக்கு வந்த பிறகு பக்கி, கடைசியில் விமானம். வண்டியையும் ஏற்றிச் செல்லும் படகில் ஆற்றைக் கடந்து நமீபியப் பக்கத்து அய்-அய்ஸ் வெந்நீர் ஊற்றுக்கும் போகும் எண்ணம் இருந்தால், பாஸ்போர்ட்டோடு வாடகைக் கடையின் எல்லை தாண்டும் அனுமதிக் கடிதத்தையும் வண்டி எடுக்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் படகு ஓடாது என்பதால் அந்த நாளுக்கு மட்டும் முன்பணம் எங்கும் கட்ட வேண்டாம்.